மைதானத்துக்குப் போவதா, மன்றத்துக்குப் போவதா? இதழியல் மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

சமீபத்தில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதழியல் படிக்கிற பிள்ளைகள் எழுதியவை. ஒருவர் கால்பந்து எழுதப் போய் முழிக்கிறார், இன்னொருவர் தேர்தல் எழுதப் போய் முழிக்கிறார். தனித்தனியாகப் பதில் எழுதி மாளாது என்பதால் எல்லாவற்றையும் இந்த முறை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கல்லூரிப் பத்திரிகையில் அரசியல் எழுத ஆசைப்பட்டேன். ஆசிரியர் என்னை விளையாட்டுப் பக்கத்தில் தள்ளிவிட்டார். இது தண்டனையா?
(இரண்டாம் ஆண்டு மாணவி)

தண்டனை என்று நினைத்துக்கொண்டு போனால் தண்டனைதான். இந்த ஏளனம் புதிதில்லை. அமெரிக்கச் செய்தி அறைகளில் விளையாட்டுப் பிரிவை 'பொம்மைப் பிரிவு' என்றே கிண்டல் செய்வார்கள். ஆனால் அரசியல் எழுத்துக்காக இரண்டு முறை அமெரிக்காவின் புலிட்சர் இதழியல் பரிசு வாங்கிய ஜேம்ஸ் ரெஸ்டன், 1930களில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தில் விளையாட்டுச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். அங்கிருந்துதான் வாஷிங்டன் அரசியலுக்குப் போனார்.

எனக்குத் தெரிந்து விளையாட்டுப் பக்கத்தைப் போல ஆளைத் திருத்துகிற இடம் வேறு இல்லை. காரணம் எளிது. நீங்கள் எழுதப்போவதை ஏற்கெனவே ஆயிரம் பேர் கண்ணால் பார்த்துவிட்டார்கள். இரண்டாவது கோலை யார் போட்டது என்று தப்பாக எழுதினால் அன்று இரவே மாட்டிக்கொள்வீர்கள். அரசியலில் ஒரு தப்பு மாதக்கணக்கில் ஒளிந்து கிடக்கும். மாட்டிக்கொள்கிற இடத்தில் தொழில் பழகிவிட்டு, மாட்டிக்கொள்ளாத இடத்துக்குப் போவது நல்லது.

இன்னொன்று. விளையாட்டு எழுதப் போனவர் விளையாட்டு மட்டும்தான் எழுதுவார் என்று யார் உத்தரவாதம் தர முடியும்? 1972 செப்டம்பர் 5, மியூனிக் ஒலிம்பிக். ஆயுதத்தோடு உள்ளே புகுந்தவர்கள் இஸ்ரேலிய அணியினரைப் பிணைக்கைதிகளாகப் பிடித்தார்கள். அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சிக்காகப் போட்டிகளை வர்ணிக்கப் போயிருந்த ஜிம் மெக்கே அன்று பல மணி நேரம் கேமரா முன்னாலேயே உட்கார்ந்து அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியதாயிற்று. நள்ளிரவில் பிணைக்கைதிகள் எல்லோரும் காப்பாற்றப்பட்டுவிட்டார்கள் என்று ஒரு செய்தி உலகமெங்கும் பறந்தது. அது பொய். இஸ்ரேலிய அணியைச் சேர்ந்த 11 பேரும் இறந்துபோனார்கள் என்பது விடியும் முன் தெரிந்தது. நல்ல செய்தி வேகமாகப் பரவுகிறது என்றால் அதை இன்னும் ஒரு முறை சரிபார்க்க வேண்டும் என்று நான் வகுப்புகளில் சொல்லும்போதெல்லாம் அந்த இரவைத்தான் உதாரணம் காட்டுவேன்.

ஆகவே போங்கள். ஒரு பருவம் முழுக்க எழுதிவிட்டு அப்புறம் அரசியல் பக்கம் கேளுங்கள்.

எனக்கு ஹாக்கி விதிகளே தெரியாது. அடுத்த வாரம் ஆட்டம். நான் என்ன எழுதுவது?

விதிப் புத்தகத்தை ஒரு மாலையில் படித்துவிடலாம். படித்தாலும் முழுதாகப் புரியாது. அதனால் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் ஸ்கோரர் எங்கே உட்காருகிறார் என்று பார்த்து அவருக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். மைதானத்தில் எதையும் மறைக்கத் தேவையில்லாத ஒரே ஆள் அவர்தான். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டாலும் சில சமயம் சொல்வார்.

இரண்டு அணியின் பட்டியலையும் சட்டை எண்ணோடு எழுதி வாங்கி, பெயரின் எழுத்தை அந்த ஆட்டக்காரரிடமோ மேலாளரிடமோ காட்டிச் சரிபாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மாணவனாக இருந்தபோது நான் எழுதிய மூன்றாவது ஆட்டச் செய்தியில், வெற்றி கோலை அடித்தவர் பெயருக்குப் பதிலாக அவருக்குப் பதினைந்து நிமிடம் முன்னாலேயே வெளியே போய்விட்ட ஒருவரின் பெயரைப் போட்டுவிட்டேன். இடைவேளைக்குப் பிறகு சட்டை மாறியதை நான் கவனிக்கவில்லை. மறுநாள் கோல் அடித்த பையனின் அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். திட்டவே இல்லை. "என் பையன் பேர் பேப்பர்ல வரும்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தேன் தம்பி" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

குறிப்பேட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் நிமிடம், வலது பக்கம் நடந்தது. முக்கியம் என்று பட்டால் ஓரத்தில் ஒரு நட்சத்திரம். கடைசியில் எதை முதல் வரியில் வைப்பது என்று திணறும்போது நட்சத்திரங்கள் மட்டும் கண்ணில் படும். கடைசி கால் மணி நேரம் இருக்கும்போதே அந்த அணி ஜெயித்தால் ஒன்று, இந்த அணி ஜெயித்தால் ஒன்று என்று இரண்டு இன்ட்ரோ (செய்தியின் தொடக்க வரிகள்) தயாராக வைத்துக்கொள்வது தொழில்முறை நிருபர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆட்டம் முடிந்த விசிலோடு செய்தி போயாக வேண்டும் என்றால் வேறு வழியில்லை. அனுப்பும்போது எந்த இன்ட்ரோவை அனுப்புகிறீர்கள் என்று மட்டும் பார்த்து அனுப்புங்கள்.

பயிற்சியாளரைப் பார்த்ததும் "எப்படி உணர்கிறீர்கள்" என்று கேட்காதீர்கள், ஜெயித்தால் மகிழ்ச்சி என்பார், தோற்றால் வருத்தம் என்பார், அதை நீங்களே எழுதிக்கொள்ளலாம். "கடைசிப் பத்து நிமிடத்தில் கோல்கீப்பரை வெளியே எடுத்தீர்களே, ஏன்?" என்று கேளுங்கள். நடந்த ஒன்றைக் குறிப்பிட்டுக் கேட்டால், இவர் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார் என்று அவருக்குப் புரிந்துவிடும். அப்புறம் அவர் பேசுகிற விதமே வேறாகிவிடும்.

நிருபர்கள் உட்காருகிற பிரஸ் பாக்ஸில் கை தட்டலாமா?

கூடாது. உங்கள் கல்லூரி அணியே ஜெயித்தாலும் கூடாது. பக்கத்து ஆள் டெட்லைனில் இருக்கிறார்.

மாணவன் என்றதும் எந்த அரசியல்வாதியும் பேச மாட்டேன் என்கிறார். தொலைபேசியை எடுப்பதே இல்லை. அனுபவம் இல்லாமல் யாரும் பேசுவதில்லை, யாரும் பேசாமல் அனுபவம் வருவதில்லை. என்ன செய்வது?

தம்பி, பேசாவிட்டால் விடுங்கள். அரசியல் செய்தி என்றாலே தலைவர் முன்னால் மைக்கை நீட்டுவது என்று தொலைக்காட்சி பார்த்துப் பழகிவிட்டோம். அவர் சொல்ல விரும்புவதைத்தான் மைக்கில் சொல்வார். காகிதத்துக்கு அப்படி விருப்பு வெறுப்பு கிடையாது.

உள்ளாட்சி மன்றக் கூட்டம் ஒன்றுக்குப் போங்கள். முதல் கூட்டத்தில் ஒன்றும் புரியாது, தூக்கம் வரும். நிகழ்ச்சி நிரலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போன கூட்டத்தின் தீர்மானங்களையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், போன முறை 'அவசரம்' என்று நிறைவேற்றிய ஒரு வேலை இந்த முறை பட்டியலிலேயே இல்லாமல் போயிருப்பது தெரியும். அதுதான் உங்கள் முதல் கேள்வி. அதைக் கேட்க யாருடைய தயவும் வேண்டாம், அந்த அலுவலகத்தில் கோப்பு பார்க்கிற எழுத்தருக்குத் தெரியும். மூன்றாவது கூட்டத்துக்கும் நீங்கள் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் உறுப்பினர்களில் ஒருவராவது தானாக வந்து பேசுவார். பெரும்பாலும் எதிர்க்கட்சிக்காரராக இருப்பார். அவர் எதற்காகப் பேசுகிறார் என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க ஜனாதிபதி நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் கதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது எங்கே தொடங்கியது என்பதை மறந்துவிடுகிறார்கள். 1972 ஜூன் 17 அதிகாலை, வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சியின் அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். வாஷிங்டன் போஸ்ட்டில் அதை எடுத்தது நகரச் செய்திப் பிரிவு. அதன் நிருபர் பாப் உட்வர்டுக்கு 29 வயது, அந்தப் பத்திரிகையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கார்ல் பெர்ன்ஸ்டீனுக்கு 28. ஜனாதிபதியைப் பேட்டி எடுக்கிற அந்தஸ்து இரண்டு பேருக்கும் கிடையாது. உட்வர்டு செய்தது நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் தான் முன்பு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவில் வேலை பார்த்ததாக நீதிபதியிடம் சொன்னது அங்கே இருந்தவர் காதில்தான் விழும். பிடிபட்டவர்களின் முகவரிக் குறிப்பேடுகளில் இருந்த ஒரு பெயர் வெள்ளை மாளிகை வரை கொண்டுபோனது. நீங்கள் கேட்ட அனுபவம் அவர்களிடமும் இருக்கவில்லை. திருட்டு வழக்கு என்று அலட்சியப்படுத்தாமல் போய் உட்கார்ந்தார்கள்.

மன்றத்தில் ஓர் உறுப்பினர் இன்னொருவரைத் திருடன் என்று சொன்னார். எழுதினால் என் மேல் வழக்கு வருமா?

சட்டமன்றம், நாடாளுமன்றம் என்றால், உள்ளே பேசியதை உள்நோக்கம் இல்லாமல், உள்ளது உள்ளபடி எழுதுகிறவருக்குப் பெரும்பாலான மக்களாட்சி நாடுகளில் பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் நாடாளுமன்றத்தைப் பொறுத்தவரை இதற்கு வழி செய்தது 1956இல் ஃபெரோஸ் காந்தி தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த சட்டம். நெருக்கடி நிலைக் காலத்தில் அதை ரத்து செய்துவிட்டு 1977இல் மறுபடி கொண்டுவந்தார்கள். எந்தச் சட்டத்தை முதலில் ரத்து செய்கிறார்கள் என்பதை வைத்தே அதன் மதிப்பைத் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கை. அவைத்தலைவர் குறிப்பிலிருந்து நீக்கிய சொற்களை எழுதக் கூடாது. அதே உறுப்பினர் வெளியே படிக்கட்டில் நின்று அதே வார்த்தையைச் சொன்னால் அது சாதாரணப் பேச்சு, அதற்கு அந்தப் பாதுகாப்பு வராது. கல்லூரி மாணவர் பேரவையில் நடக்கிற சண்டைக்கும் வராது. சந்தேகம் வந்தால் ஆசிரியரிடம் காட்டாமல் வெளியிடாதீர்கள்.

ஆட்டம் முடிந்து ஒரு வீராங்கனை என்னிடம் பயிற்சியாளரைப் பற்றிக் கோபமாகப் பேசினாள். எல்லாம் பேசி முடித்தபின் "இதெல்லாம் ஆஃப் தி ரெக்கார்டு" என்றாள். எழுதலாமா?

விதிப்படி பார்த்தால், பேசுவதற்கு முன்பே இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால்தான் அது ஆஃப் தி ரெக்கார்டு, அதாவது வெளியிடக் கூடாத பேச்சு. சொல்லி முடித்துவிட்டுக் கதவைச் சாத்த முடியாது. இருபது வருடம் அரசியலில் இருக்கிற ஒருவர் இப்படிச் செய்தால் நான் யோசிக்காமல் எழுதிவிடுவேன், ஏனென்றால் அவருக்கு விதி தெரியும், தெரிந்தும் உங்களைச் சோதித்துப் பார்க்கிறார்.

ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது இருக்குமா? தோற்ற களைப்பில், வியர்வை காயாமல் நிற்கிறாள். எதிரே நிற்கிற நீங்கள் அவள் வகுப்புத் தோழியாகக்கூட இருக்கலாம், நிருபராக நினைத்துப் பேசினாளா தோழியாக நினைத்துப் பேசினாளா என்பதே நிச்சயமில்லை. நானாக இருந்தால் அன்றைக்கு எழுத மாட்டேன். இரண்டு நாள் கழித்துப் போய், நீ சொன்னது முக்கியமான விஷயம், பெயரோடு சொல்வாயா என்று கேட்பேன். மாட்டேன் என்றால் வேறு இரண்டு பேரிடம் விசாரிப்பேன். பயிற்சியாளர் மேல் புகார் உண்மை என்றால் அது இரண்டு நாளில் மறைந்துவிடாது. அவரிடமும் விளக்கம் கேட்காமல் ஒரு வரி போடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

இனிமேல் பேட்டி தொடங்கும்போதே "நான் இந்தப் பத்திரிகைக்காக எழுதுகிறேன், நீங்கள் சொல்வதைப் போடுவேன்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் பேச மாட்டார்களே என்று பயப்படாதீர்கள், பெரும்பாலும் பேசுவார்கள்.

நான் ஒரு மாணவர் அமைப்பில் உறுப்பினர். தேர்தல் செய்தியும் எழுதுகிறேன். நடுநிலையாகத்தான் எழுதுகிறேன், இதில் தவறு உண்டா?

உண்டு. ஏதாவது ஒன்றை விட்டுவிடுங்கள். நீங்கள் நடுநிலையாக எழுதியிருக்கலாம், ஆனால் படிக்கிறவருக்கு அது தெரியாது, உறுப்பினர் அட்டைதான் தெரியும். தம்பி விளையாடுகிற அணியைப் பற்றி அக்கா எழுதக் கூடாது என்பதும் இதே கணக்குதான்.

வாக்கு எண்ணும் நாளில் முதல் ஆளாக முடிவைச் சொல்வது எப்படி?

முதல் ஆளாகச் சொன்னவர்களின் கதையைக் கேளுங்கள். 1948 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். அச்சுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் சிகாகோ டிரிப்யூன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் பக்கத்தை முடிக்க வேண்டியிருந்தது. கருத்துக்கணிப்புகள் எல்லாம் ஜனாதிபதி ட்ரூமனை எதிர்த்து நின்ற டூயி பக்கம். சரி, டூயி ஜெயித்தார் என்று தலைப்பு போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். எண்ணி முடித்தபோது ட்ரூமனுக்கு 303 தேர்வர் வாக்குகள், டூயிக்கு 189. அந்தப் பத்திரிகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ட்ரூமன் சிரிக்கிற புகைப்படத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2000 ஜனாதிபதித் தேர்தலில் ஃபுளோரிடா மாநிலத்தை முதலில் அல் கோருக்குக் கொடுத்து, திரும்ப வாங்கி, புஷ்ஷுக்குக் கொடுத்து, அதையும் திரும்ப வாங்கின தொலைக்காட்சிகள். ஐம்பது வருடத்தில் கருவிகள் எல்லாம் மாறியிருந்தும் அவசரம் மட்டும் அப்படியே இருந்தது.

இன்னும் எத்தனை ஓட்டு எண்ணப்படாமல் இருக்கிறது, முன்னணி அதைவிட அதிகமா? இந்தக் கழித்தல் கணக்கு ஒன்றுதான் கேள்வி. அதிகமாக இருந்தால் 'வென்றார்' என்று எழுதலாம், குறைவாக இருந்தால் 'முன்னிலை' என்ற சொல்லைத் தாண்டாதீர்கள்.

கருத்துக்கணிப்பு எழுதும்போதும் இப்படித்தான். சுமார் 1,000 பேரிடம் முறையாக எடுத்த கணிப்பில் ஒவ்வொரு வேட்பாளரின் சதவீதமும் ஏறத்தாழ 3 புள்ளி அப்படியோ இப்படியோ போகலாம். அதில் ஒருவர் 46, இன்னொருவர் 44 என்றால் யார் முன்னால் என்று அந்தக் கணிப்பால் சொல்லவே முடியாது. ஆனால் தலைப்பில் மட்டும் ஒருவர் முந்திவிடுவார். விளையாட்டு எழுதியவர்களுக்கு இது சுலபமாகப் புரிய வேண்டும், பாதி ஆட்டத்தில் 2-1 என்றால் யாரும் கோப்பையைக் கொடுப்பதில்லை.

விளையாட்டு நிருபர் விளையாட்டை மட்டும் எழுதினால் போதாதா? சங்க நிர்வாகம், பணம், ஊக்கமருந்து எல்லாம் அரசியல்தானே?

அரசியல்தான். அதனால்தான் எழுத வேண்டும் என்கிறேன். 1999இல் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்து முதல்முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றபோது உலகமே உருகியது. அந்த வருடமே டேவிட் வால்ஷ் என்ற விளையாட்டு நிருபர் சந்தேகம் எழுப்பினார். பின்னால் அவர் எழுதிய சண்டே டைம்ஸ் பத்திரிகை மேல் ஆம்ஸ்ட்ராங் அவதூறு வழக்குப் போட, 2006இல் அந்தப் பத்திரிகை சமரசம் செய்துகொண்டு பணம் கட்டியது. 2012இல் ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன, 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் உட்கார்ந்து அவரே ஒப்புக்கொண்டார். இடையில் பதின்மூன்று வருடம். அத்தனை வருடமும் வால்ஷைச் சுற்றி இருந்த நிருபர்களில் பெரும்பாலோர் அழகான கதையை எழுதிக்கொண்டிருந்தார்கள், அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கதை அவ்வளவு நன்றாக இருந்தது.

கிரிக்கெட்டில் 2000 ஏப்ரலில் தென்னாப்பிரிக்க அணித் தலைவர் ஹன்சி குரோனியேவின் சூதாட்ட விவகாரம் வெளியே வந்தது டெல்லி காவல்துறை பதிவு செய்த தொலைபேசிப் பேச்சிலிருந்து. அத்தனை வருடம் அணியோடு ஒரே விடுதியில் தங்கி ஒரே விமானத்தில் பறந்த நாங்கள், அதாவது எங்கள் தொழில்காரர்கள், என்ன செய்துகொண்டிருந்தோம் என்று பலர் பிறகு தங்களையே கேட்டுக்கொண்டார்கள். அணியோடு நெருங்கிப் பழகினால் செய்தி கிடைக்கும், நெருக்கம் கூடினால் கிடைத்த செய்தியை எழுத மனம் வராது. கட்சி அலுவலகத்திலேயே உட்கார்ந்திருக்கிற அரசியல் நிருபருக்கும் இதே வியாதி வரும்.

மாணவராக இருக்கும்போது இதைச் சின்னதாகப் பழகலாம். உங்கள் கல்லூரி அணிக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, எதற்குப் போனது, ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் மைதானம் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது? கேட்டுப் பாருங்கள். யார் முகம் சுளிக்கிறார்கள் என்று தெரியும்.

ஸ்கோரைக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவே ஆட்டச் செய்தியை எழுதிவிடுகிறதே, நான் எதற்கு?

2016லேயே அசோசியேட்டட் பிரஸ் கீழ்நிலை பேஸ்பால் ஆட்டங்களுக்கு இயந்திரத்தை வைத்துச் செய்தி எழுத ஆரம்பித்துவிட்டது. ஸ்கோரிலிருந்து மட்டும் எழுதுகிற செய்திக்கு நிஜமாகவே நீங்கள் தேவையில்லை. பெனால்டியைத் தவறவிட்டவன் பேருந்தில் யாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான் என்பது ஸ்கோர் கார்டில் இருக்காது. அதற்குத்தான் நீங்கள். அப்புறம், அந்தக் கருவியிடம் பயிற்சியாளர் சொன்னதாக ஒரு மேற்கோள் வாங்கிப் போடுகிற வேலை மட்டும் வேண்டாம், அது கேட்டால் கொடுக்கும், பயிற்சியாளர் சொல்லியிருக்க மாட்டார்.

வேலைக்கு விண்ணப்பிக்க எத்தனை பைலைன் (என் பெயரோடு வந்த செய்தி) இருந்தால் போதும்?

எண்ணிக்கையை யாரும் பார்ப்பதில்லை. ஐந்து போதும், அதில் ஒன்று ஆட்டச் செய்தி, ஒன்று மன்றக் கூட்டம், ஒன்று நீங்களாகத் தோண்டியது என்று இருக்கட்டும். திருத்தம் வெளியிட வேண்டி வந்த செய்தி ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். நேர்முகத்தில் நான் எப்போதும் அதைத்தான் கேட்பேன். தப்பே செய்ததில்லை என்று சொல்கிறவரை வேலைக்கு எடுக்க எனக்குப் பயம்.

முதல்முறை வெளியே செய்தி சேகரிக்கப் போகிறேன். பையில் என்ன இருக்க வேண்டும்?

குறிப்பேடு இரண்டு, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், ஒலிப்பதிவுக்கு கைபேசி, தண்ணீர். ஒலிப்பதிவை நம்பி எழுதாமல் இருந்துவிடாதீர்கள், மைதானத்து இரைச்சலில் பதிவானது பாதி கேட்காது. பேனாவோடு ஒரு பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்த தாளில் பேனா எழுதாது.